பன்னிரண்டாம் வகுப்பில் 371 மதிப்பெண், பொறியியல் கட்-ஆஃப் 104: என் மகளை எங்கே சேர்க்கலாம்?

தென்காசித் தாய்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 600க்கு 371 பெற்றுத் தேர்ச்சி அடைந்திருக்கிறாள். தமிழில் 82, ஆங்கிலத்தில் 61, கணிதத்தில் 48, இயற்பியலில் 55, வேதியியலில் 57, கணினி அறிவியலில் 68. கணினி தொடர்பாகப் படிக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் விருப்பம். கணவர் விசைத்தறியில் வேலை செய்கிறார், நான் பீடி சுற்றுகிறேன். எங்கள் இரு வீட்டிலும் இதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். எட்டாம் வகுப்பு வரை அரசு உதவி பெறும் பள்ளியிலும், ஒன்பது முதல் அரசுப் பள்ளியிலும் தமிழ் வழியில் படித்தாள்.

பதினொன்றாம் வகுப்பில் ஆண்டின் பெரும்பகுதி அவர்களுக்குக் கணித ஆசிரியர் இல்லை. அந்த ஆண்டு மதிப்பெண் இதைவிடக் குறைவு. அதுவும் சேர்க்கையில் கணக்கில் வருமோ என்று அஞ்சுகிறேன். தேர்வு முடிவு வந்த மறுநாளே முன்பின் தெரியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் கணினிப் பொறியியல் இடம் உறுதி என்றும், அசல் சான்றிதழ்களையும் முன்பணத்தையும் இந்த வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார். உறவினர்களோ, இந்த மதிப்பெண்ணுக்கு நல்ல இடம் எதுவும் கிடைக்காது, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குங்கள் என்கிறார்கள். அவளைப் படிக்க வைப்பதில் எனக்கும் என் கணவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எங்கே, எதில் என்பதுதான் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

சேர்க்கை உதவித் தன்னார்வலர்

வணக்கம் அம்மா. முதலில் அவசரமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் தொலைபேசிக்காரரிடம் அசல் மதிப்பெண் பட்டியலையோ மாற்றுச் சான்றிதழையோ எக்காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள், பணமும் கட்டாதீர்கள். அசல் சான்றிதழ் கையை விட்டுப் போனால், பிறகு உங்கள் மகளுக்கு அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தாலும் அதைத் திரும்ப வாங்குவதற்குள் சேர்க்கை நாள் கடந்துவிடும். அவர் சொல்வது நிர்வாக ஒதுக்கீட்டு இடமாகத்தான், அதாவது கலந்தாய்வு இல்லாமல் கல்லூரி நிர்வாகமே நிரப்பும் இடமாகத்தான் இருக்கும். குடும்பத்தின் முதல் பட்டதாரி என்ற முறையில் உங்கள் மகளுக்குக் கிடைக்கக்கூடிய கல்விக் கட்டணச் சலுகை, அரசுக் கலந்தாய்வு வழியாக இடம் பெறுவோருக்கு மட்டுமே உண்டு. கலந்தாய்வில் கூடுதல் பணமின்றிக் கிடைக்கக்கூடிய அதே கல்லூரியின் இடத்தைப் பணம் கொடுத்து வாங்கி, சலுகையையும் இழந்த குடும்பங்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பற்றிய அச்சத்தை விட்டுவிடுங்கள். பொறியியலுக்கும் சரி, கலை அறிவியலுக்கும் சரி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டுமே கணக்கிடுகிறார்கள்.

இனி 371 என்ற எண்ணுக்கு வருவோம். உறவினர்கள் பார்ப்பது அந்த எண்ணை மட்டும்தான். ஆனால் மொத்த மதிப்பெண்ணை அப்படியே எடுத்துக்கொண்டு உங்கள் மகளை வரிசைப்படுத்தப் போகும் சேர்க்கை முறை எதுவும் அவள் விரும்பும் படிப்புகளில் இல்லை. பொறியியல் கலந்தாய்வில் கணிதம் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கும் கணக்கிடப்படுவதால் அவளுடைய கட்-ஆஃப் 48, 27.5, 28.5 சேர்ந்து 200க்கு 104 ஆகிறது. குறைந்தபட்சத் தகுதியாக இந்த மூன்று பாடங்களின் சராசரி பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 40 விழுக்காடும், பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடும் இருந்தால் போதும்; அவளுக்கு 53 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடங்களை விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களையும் 400க்குக் கணக்கிடுவார்கள். அங்கே அவளுக்கு 228; கணினி அறிவியலில் பெற்ற 68 இங்கே அவளுக்குக் கை கொடுக்கிறது, பொறியியலில் அது எண்ணப்படவே இல்லை. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண்ணை வைத்துத் தனித் தரவரிசை உண்டு. அதில் 82 என்பது மதிக்கத்தக்க நிலை. ஆகவே எந்தப் படிப்புக்கு எந்தப் பாடங்களை எண்ணுகிறார்கள் என்று பார்த்த பிறகுதான் வாய்ப்பு உண்டா இல்லையா என்று பேச முடியும்.

மென்பொருள் பணியாளர், கோவை

மேலே சொன்னவர் கூறியவை அனைத்தும் சரி. ஆனாலும் பொறியியல் வேண்டாம் என்பதே என் கருத்து. 104 கட்-ஆஃபுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்டால், கிடைக்கும். ஒவ்வோர் ஆண்டும் கலந்தாய்வு முடியும்போது தமிழ்நாட்டில் பொறியியல் இடங்கள் ஆயிரக்கணக்கில் நிரம்பாமல் நிற்கின்றன. அப்படியானால் கடைசிச் சுற்றில் காலியாக நிற்கும் கல்லூரிகள் எவை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பருவந்தோறும் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலின் அடிப்பகுதியை ஒருமுறை பார்த்தவர் எவரும், எப்படியாவது பி.இ. என்று சொல்ல மாட்டார்கள். கணிதத்தில் 48 பெற்ற மாணவி முதல் பருவத்திலேயே கல்லூரிக் கணிதத் தாளையும், இரண்டாம் பருவத்தில் அடுத்த கணிதத் தாளையும் எழுத வேண்டியிருக்கும். அரியர் (தேறாமல் நிற்கும் தாள்கள்) சேரத் தொடங்கினால் நான்கு ஆண்டு முடிவில் கையில் பட்டம் இருக்காது; வளாக நேர்காணல்களிலும் அரியர் இருப்பவர்களைப் பெரும்பாலும் உட்கார விடுவதில்லை.

அரசுக் கல்லூரியில் பி.சி.ஏ. அல்லது பி.எஸ்சி. கணினி அறிவியல் சேர்த்துவிடுங்கள். மூன்று ஆண்டு முடிந்ததும் டான்செட் என்ற நுழைவுத் தேர்வு எழுதி இரண்டு ஆண்டு எம்.சி.ஏ. படிக்கலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் நான் இருக்கிறேன். நேர்காணலில் நிரல் எழுதத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

ஓய்வு பெற்ற கணித ஆசிரியை

கோவைத் தம்பியின் எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் 48 என்ற எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணுக்குக் கணிதம் வராது என்று முடிவு கட்டுவதை, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாடத்தையே நடத்திய என்னால் ஏற்க இயலாது. ஆசிரியர் இல்லாத வகுப்பில் படித்தவள் பெற்ற 48க்கும், எல்லா வசதியும் இருந்து பாடத்தை வெறுத்து ஒதுக்கியவள் பெற்ற 48க்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. எது உங்கள் மகளுடையது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அறிந்துகொள்ளவே வழி இருக்கிறது.

கணித விடைத்தாளின் நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள், அம்மா. அதற்குக் குறுகிய கால அவகாசமே தருவார்கள். நகல் பெற்ற பிறகே மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்க முடியும் என்பதால் பலர் அதை மதிப்பெண் கூட்டும் வழியாக மட்டும் பார்க்கிறார்கள். நான் வேறொரு காரணத்துக்காகக் கேட்கிறேன். கணித வினாத்தாள் 90 மதிப்பெண்ணுக்கு உரியது: ஒரு மதிப்பெண் வினா இருபது, இரண்டு மதிப்பெண் வினா ஏழு, மூன்று மதிப்பெண் வினா ஏழு, ஐந்து மதிப்பெண் வினா ஏழு, மீதி 10 அகமதிப்பீடு. உங்கள் மகள் இழந்தவை எந்தப் பகுதியில், எந்தப் பாடத்தில் என்று பாருங்கள். சிறு வினாக்களிலேயே எல்லாம் தவறியிருந்தால் அடிப்படையிலிருந்தே குறை இருக்கிறது என்று பொருள். அப்போது பொறியியலைத் தள்ளி வைப்பதே அவளுக்குச் செய்யும் நன்மை. சிறு வினாக்களைச் சரியாகச் செய்து, நெடுவினாக்களில் பாதியில் நின்றிருந்தால் கதை வேறு. பன்னிரண்டாம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் வரும் வகை நுண்கணிதப் பயன்பாடு, தொகையிடலின் பயன்பாடு, வகைக்கெழுச் சமன்பாடு ஆகிய அனைத்தும் பதினொன்றாம் வகுப்பில் கற்க வேண்டிய வகையிடலையும் தொகையிடலையும் நம்பியே நிற்கின்றன. அந்த ஆண்டில்தானே அவர்களுக்கு ஆசிரியர் இல்லை? கடைக்கால் இல்லாத இடத்தில் சுவர் எழுப்பச் சொல்லி, அது சாய்ந்ததும் கொத்தனார் சரியில்லை என்பதைப் போன்றது இது.

தென்காசித் தாய்

நகலுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பித்துவிட்டோம், ஆசிரியை அம்மா. தொலைபேசிக்காரரிடமும் முடியாது என்று கணவர் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் தனி ஒதுக்கீடு இருக்கிறதாமே, அதில் சேர்ந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்கிறார்கள். அது இவளுக்குப் பொருந்துமா? மாதம் ஆயிரம் ரூபாய் உதவித்தொகை கிடைக்குமா?

சேர்க்கை உதவித் தன்னார்வலர்

7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டைத்தான் கேட்கிறீர்கள். 2020இல் மருத்துவப் படிப்புக்கும் 2021இல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் கொண்டுவரப்பட்ட இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுவதும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளி இதில் சேராது. உங்கள் மகள் ஆறு முதல் எட்டு வரை அங்கே படித்ததால் இந்த ஒதுக்கீடு அவளுக்குக் கிடைக்காது. இது எனக்கே மன வருத்தம் தரும் விதி. உதவி பெறும் பள்ளியில் படித்த அந்த மூன்று ஆண்டுகளால் ஒரு குடும்பத்தின் வறுமை மாறிவிடவில்லை. இருப்பினும் விண்ணப்பத்தில் தவறுதலாகக்கூட அந்தக் கட்டத்தைத் தேர்வு செய்துவிடாதீர்கள். சரிபார்ப்பில் சிக்கல் வரும்.

ஆயிரம் ரூபாய் கிடைக்கும். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அதாவது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் உயர்கல்வி உறுதித் திட்டம், முதலில் அரசுப் பள்ளி மாணவியருக்கு மட்டும் இருந்தது. 2024-25 முதல் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு எதுவானாலும் பொருந்தும். கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கே உள்ள பொறுப்பாளர் வழியாக விண்ணப்பிக்கலாம்.

பட்டயம் வழியாக வந்தவள்

எல்லோரும் பி.இ., பி.சி.ஏ. என்று இரண்டை மட்டுமே பேசுகிறீர்கள் என்பதால் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்துத் தேர்ச்சி பெற்றவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டே ஆண்டில் பட்டயம் முடிந்துவிடும். அதன் பிறகு பொறியியல் கல்லூரியில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போது பட்டய மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் என்ன எடுத்தோம் என்று யாரும் கேட்பதில்லை. என்னுடைய மதிப்பெண் உங்கள் மகளுடையதைவிடக் குறைவு. அரசு பாலிடெக்னிக்கில் பட்டயம் முடித்து, அந்த மதிப்பெண்ணைக் கொண்டு அரசுப் பொறியியல் கல்லூரி ஒன்றில் சேர்ந்தேன். நேரடியாகக் கலந்தாய்வுக்குப் போயிருந்தால் அந்தக் கல்லூரியின் பெயரைக் கனவிலும் நினைத்திருக்க முடியாது.

இதிலும் கடினமான பகுதி உண்டு. பி.இ. இரண்டாம் ஆண்டுக்குள் நுழையும்போது முதலாண்டுக் கணிதத்தைப் படிக்காமலேயே அடுத்த நிலைக் கணிதத்தை எழுத வேண்டும். முதல் பருவம் மிகவும் சிரமமாக இருந்தது. பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு இடங்களும் குறைவு, கணினிப் பிரிவில் இன்னும் குறைவு. மொத்தம் ஐந்து ஆண்டு ஆகிறது. ஆனால் பி.சி.ஏ.வும் எம்.சி.ஏ.வும் சேர்ந்தாலும் அதே ஐந்து ஆண்டுதான். வீட்டில் பணமுடை வந்து இரண்டாம் ஆண்டோடு நிறுத்த நேர்ந்தாலும் வேலைக்குப் போகக்கூடிய ஒரு பட்டயம் கையில் இருக்கும். உங்களைப் போன்ற குடும்பத்திலிருந்து வந்தவள் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். மதுரையில் அரசு மகளிர் பாலிடெக்னிக் இருக்கிறது, விசாரித்துப் பாருங்கள்.

நெல்லைத் தமிழ் விரிவுரையாளர்

தமிழில் 82 பெற்றிருக்கிறாள். பி.ஏ. தமிழ், பிறகு பி.எட்., அதன்பின் ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு என்ற பாதையையும் எண்ணிப் பாருங்கள். அரசுப் பணித் தேர்வுகளிலும் தமிழ்ப் புலமை பெரிதும் உதவும்.

தென்காசித் தாய்

ஐயா, மகளிடம் கேட்டேன். தமிழ் பிடிக்கும், ஆனால் படிப்பாக எடுக்க விருப்பமில்லை என்றாள். அவள் விருப்பத்தை மீற எனக்கு மனம் வரவில்லை.

விடைத்தாள் நகல் வந்துவிட்டது. ஒரு மதிப்பெண் வினாக்களில் 14, இரண்டு மதிப்பெண் பகுதியில் 10, மூன்று மதிப்பெண் பகுதியில் 9, ஐந்து மதிப்பெண் பகுதியில் வெறும் 5. கூட்டல் சரியாகவே இருக்கிறது, திருத்தியதிலும் குறை தெரியவில்லை என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர் சொன்னார். தொகையிடல் வந்த இடங்களில் எல்லாம் முதல் இரண்டு வரியோடு நிறுத்தியிருக்கிறாள்.

ஓய்வு பெற்ற கணித ஆசிரியை

14, 10, 9, பிறகு 5. மறுமதிப்பீட்டுக்குப் பணம் செலவிட வேண்டாம். சிறு வினாக்களில் பாதிக்கு மேல் சரியாகச் செய்யத் தெரிந்த பெண் இவள். நீண்ட கணக்கை முடிக்கும் கருவிதான் அவளிடம் இல்லை, அந்தக் கருவியைக் கொடுக்க வேண்டிய ஆண்டில் வகுப்பில் யாரும் நிற்கவில்லை. பதினொன்றாம் வகுப்புக் கணித நூலின் இரண்டாம் தொகுதியில் எல்லைகள், வகையிடல், தொகையிடல் என்று அடுத்தடுத்து மூன்று பாடங்கள் இருக்கின்றன. பாடநூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கல்லூரி திறக்கும் வரை அந்த மூன்று பாடங்களின் எடுத்துக்காட்டுக் கணக்குகளை நாளும் கையால் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பொறியியலோ, பட்டயமோ, பி.சி.ஏ.வோ, எதில் சேர்ந்தாலும் இது வீண்போகாது.

மென்பொருள் பணியாளர், கோவை

இந்த விடைத்தாள் விவரத்தைப் பார்த்த பிறகு, பொறியியலை முற்றிலும் ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கடைசி வரிசைக் கல்லூரி வேண்டாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். கலந்தாய்வில் எத்தனை கல்லூரிகளை வேண்டுமானாலும் விருப்பப் பட்டியலில் வரிசைப்படுத்தலாம் என்பதால் பலர் கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்துவிடுகிறார்கள். பட்டியலில் எழுதிய எந்தக் கல்லூரியும் நமக்கு ஒதுக்கப்படலாம். ஆகவே சேர விரும்பாத கல்லூரியை எழுதவே கூடாது. தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்து, நாள்தோறும் போய்வரக்கூடிய தொலைவையும் பார்த்து, சில கல்லூரிகளை மட்டும் எழுதுங்கள். கணினிப் பிரிவு கிடைக்கவில்லை என்பதற்காகத் தரம் குறைந்த கல்லூரியின் கணினிப் பிரிவுக்கு இறங்க வேண்டாம். ஓரளவு நல்ல கல்லூரியில் மின்னணுவியலோ மின்னியலோ கிடைத்தால் அதுவே மேல்.

சேர்க்கை உதவித் தன்னார்வலர்

தம்பி சொன்ன விருப்பப் பட்டியல் யோசனையை அப்படியே பின்பற்றுங்கள், அம்மா. கலை அறிவியல், பாலிடெக்னிக், பொறியியல் மூன்றுக்கும் விண்ணப்பிப்பது நல்லது; மூன்றின் கால அட்டவணையும் வேறு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் கலந்தாய்வு முதலில் தொடங்கிவிடும். பொறியியல் கலந்தாய்வு அதன் பிறகுதான். கலை அறிவியலுக்கு ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிப்பிடலாம். சுரண்டை காமராசர் அரசு கலைக் கல்லூரியையும் நெல்லை ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியையும் அங்கே உள்ள கணினிப் படிப்புகளைப் பார்த்து எழுதுங்கள். 228க்கு முதல் நாளே அழைப்பு வராமல் போகலாம். கலந்தாய்வு தொடரத் தொடர, பொறியியலுக்கு மாறிச் செல்வோரின் இடங்கள் காலியாகும். இரண்டாம், மூன்றாம் கட்ட அறிவிப்பு வரும் வரை பொறுமையாக இருக்க வேண்டும்.

அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் உடனே சேர்த்துவிடுங்கள். அங்கே கட்டணம் மிகக் குறைவு என்பதால், பிறகு பாலிடெக்னிக்கிலோ நீங்கள் எழுதிய பொறியியல் கல்லூரிகளிலோ இடம் வந்தாலும் மாற்றுச் சான்றிதழ் பெற்றுக்கொண்டு போவது எளிது. தனியார் கல்லூரியில் இதே காரியம் பெரும்பாடாகிவிடும். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவித்திருந்தும் நடைமுறையில் அலைக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் எது நல்லதாகத் தோன்றுகிறது என்று கேட்டால், அரசு பாலிடெக்னிக்கின் கணினிப் பிரிவில் நேரடி இரண்டாம் ஆண்டு கிடைத்தால் அதையே முதலில் வைப்பேன். அது இல்லையென்றால் அரசுக் கல்லூரிக் கணினிப் படிப்பு. நேரடிப் பொறியியல் அதற்குப் பிறகு. கணிதத்தைச் சரிசெய்துகொள்ள அவளுக்கு அவகாசம் வேண்டும் என்பதே காரணம்.

தென்காசித் தாய்

மகளும் இதைப் படித்தாள். பாலிடெக்னிக் வழியைப் பற்றி அந்தச் சகோதரி எழுதியதை இரண்டு முறை படித்துவிட்டு, அதற்கே முதலில் விண்ணப்பிக்கலாம் என்கிறாள். என்னென்ன சான்றிதழ்களை இப்போதே வாங்கி வைக்க வேண்டும்?

சேர்க்கை உதவித் தன்னார்வலர்

சாதிச் சான்றிதழ் இருக்கும் என நினைக்கிறேன். வருமானச் சான்றிதழுக்கும் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்குக் குடும்பத்தில் ஒவ்வொருவரின் கல்வி விவரமும் கேட்பார்கள், கிராம நிர்வாக அலுவலர் விசாரணையும் உண்டு, ஆகவே நாள் பிடிக்கும். ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளிகளின் விவரத்தை அந்தந்தத் தலைமையாசிரியரிடம் கையொப்பத்துடன் வாங்கி வையுங்கள். புதுமைப் பெண் திட்டத்துக்கு அது தேவைப்படும். உங்கள் மகள் பெயரில் வங்கிக் கணக்கும், அதனுடன் இணைந்த ஆதாரும் இருக்கட்டும். பெயரின் முதலெழுத்து எல்லாச் சான்றிதழிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். வேறுபாடு இருந்தால் விண்ணப்பிப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள். விண்ணப்பத்தை நிரப்பும்போது ஐயம் வந்தால் எந்த நேரமானாலும் இங்கே எழுதுங்கள், அம்மா.